94-க்கு 38: ஆக்ஸ்ஃபோர்ட் யூனியனில் ஒரு முக்கால் மணி நேரப் பேச்சு, 1831

1831 மே 17 அன்று, ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்களின் விவாத சங்கமான யூனியனில் 21 வயது மாணவர் ஒருவர் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினார். பெயர் வில்லியம் கிளாட்ஸ்டன். நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த நாடாளுமன்றச் சீர்திருத்த மசோதாவுக்கு எதிராக அவர் முன்வைத்த வாசகத்தை 94 பேர் ஆதரித்தார்கள், 38 பேர் எதிர்த்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து அவர் நாடாளுமன்ற உறுப்பினர். பின்னாளில் நான்கு முறை பிரதமர்.

மாணவப் பருவத்துப் பேச்சு ஒன்று ஆளை நேராக அரசியலில் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதனால் இதை மேடைப்பேச்சின் வெற்றியாகவே சொல்லிவருகிறார்கள். அது பாதி உண்மைதான். பேச்சை அமைத்த திறமை பெரிது. பேச்சு எடுத்த நிலைப்பாடு தவறு. இரண்டும் ஒரே பயிற்சியிலிருந்து வந்தவை என்பதுதான் இந்த நிகழ்வை விரிவாகப் பார்க்க வைக்கிறது. பேச்சாளர் எதைப் படித்தார், யாருக்கு முன்னால் பேசினார், யாருக்குப் பிறகு எழுந்தார், தீர்மானத்தின் வாசகத்தை எப்படிக் கட்டினார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தால் வெற்றி எங்கிருந்து வந்தது, பிழை எங்கே நுழைந்தது என்பது தெரிந்துவிடும்.

விவகாரம் என்ன

1831 மார்ச் 1 அன்று ஜான் ரசல் பிரபு நாடாளுமன்றக் கீழவையில் சீர்திருத்த மசோதாவை அறிமுகம் செய்தார். அன்றைய தேர்தல் முறையில் ஓல்டு சேரம் போன்ற, ஆளே குடியில்லாத பழைய மேட்டு நிலத்துக்கு இரண்டு உறுப்பினர்கள் உண்டு; பஞ்சாலை நகரமான மான்செஸ்டருக்கு ஒருவர்கூடக் கிடையாது. இத்தகைய சிறு தொகுதிகளை ஒழித்து, அந்த இடங்களைப் புதிய தொழில் நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் கொடுப்பது, நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டில் குடியிருக்கும் ஆண்களுக்கு வாக்குரிமை தருவது என்பதே மசோதாவின் சாரம். மார்ச்சில் இரண்டாம் வாசிப்பு 302-க்கு 301 என ஒரே வாக்கில் தப்பியது. ஏப்ரலில் குழு நிலையில் அரசு தோற்றது. மன்னர் அவையைக் கலைத்தார். ஆகவே யூனியனில் விவாதம் நடந்த மே மாதம் தேர்தல் காலம். தெருவெங்கும் துண்டறிக்கை, ஊர்வலம், கூச்சல்.

பக்கத்து நாடுகளில் அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1830 ஜூலையில் பாரிஸில் புரட்சி வெடித்து அரசர் ஓடினார். அடுத்த மாதமே பெல்ஜியத்தில் கிளர்ச்சி தொடங்கியது. சொத்துள்ள குடும்பங்களுக்கு இதெல்லாம் வெறும் செய்தியாக இல்லை. அச்சம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டின் மனநிலைக்கு ஒரு அளவுகோல் உண்டு. பல்கலைக்கழகத்துக்கென்றே நாடாளுமன்றத்தில் தனி இடங்கள் இருந்தன. முதுகலைப் பட்டதாரிகள் வாக்களிப்பார்கள். கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தர ஒப்புக்கொண்டார் என்ற காரணத்துக்காக, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமைக்குரிய மாணவராக இருந்த ராபர்ட் பீலை 1829-ல் 755-க்கு 609 என்று தோற்கடித்து அனுப்பினார்கள். இரண்டே ஆண்டு கழித்து அதே ஊரில், இன்னும் பெரிய மாற்றம் ஒன்றைப் பற்றிய விவாதம். காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

மாணவர் வாழ்க்கை, அறைக்குள்ளும் வெளியிலும்

கிளாட்ஸ்டன் 1828 அக்டோபர் முதல் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் தங்கிப் படித்தார். கல்லூரிக்குள் தகுதி வரிசை கண்ணுக்கே தெரியும்: பிரபுக்களின் பிள்ளைகள் தொப்பியில் தங்க நூல் குஞ்சம் அணிவார்கள், உணவுக்கூடத்தில் அவர்களுக்கு இடம் தனி, அடுத்துப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள், பிறகு சாதாரண மாணவர்கள், கடைசியில் கட்டணச் சலுகையில் படிக்கும் ஏழை மாணவர்கள். கிளாட்ஸ்டன் லிவர்பூல் வணிகரின் மகன். பணம் உண்டு, பட்டம் இல்லை.

காலையில் வழிபாட்டுக்கு வந்தாக வேண்டும். பகலில் ஆசிரியரோடு பாடம். மாலை உணவுக்குப் பிறகு ஒருவர் அறையில் ஒருவர் கூடி ஒயின் அருந்துவது வழக்கம். அன்றைய மாணவர் அரசியல் பெரும்பாலும் இந்த ஒயின் மேசைகளில்தான் நடந்தது. கிரைஸ்ட் சர்ச் கோபுரத்தில் உள்ள பெரிய மணி இரவு 9 மணி 5 நிமிடத்துக்கு 101 முறை அடிக்கும். அது கல்லூரி வாசல்களை அடைப்பதற்கான அறிவிப்பு. பிந்தி வந்தால் அபராதம்.

உள்ளே எல்லாம் அமைதி என்றும் எண்ண வேண்டாம். 1830 மார்ச்சில் நள்ளிரவு 12-க்கும் 1-க்கும் இடையில் ஒரு கும்பல் கிளாட்ஸ்டனின் அறைக்குள் புகுந்து அவரை அடித்தது. பக்தியும் படிப்புமாக இருந்த மாணவர்கள் இப்படிப்பட்ட கும்பல்களின் கண்ணில் உறுத்தினார்கள். மன்னிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்ததற்கு இறைவனுக்கு நன்றி சொல்லி அவர் நாட்குறிப்பு எழுதினார்.

பேச்சுக்கலைக்கென்று பல்கலைக்கழகம் பயிற்சி நடத்தவில்லை. ஆனால் தேர்வே வாய்மொழியாக நடந்தது. தேர்வாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மற்ற மாணவர்கள் பார்வையாளர்களாக நிற்க, பொது அறையில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அரிஸ்டாட்டிலின் நெறியியலும் பேச்சியலும் பாடத்திலேயே இருந்தன. 1830-ல் எழுத்துத் தேர்வின் பங்கு கூடியது என்றாலும் வாய்மொழித் தேர்வு போகவில்லை. 1831 இறுதியில் கிளாட்ஸ்டன் செவ்வியல் இலக்கியம், கணிதம் இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கினார். தேர்வாளர் ஒரு பகுதியைப் போதும் என்று விட்டு நகரப் பார்த்தபோது, “வேண்டாம் ஐயா, இதை இப்போது விட வேண்டாம்” என்று சொல்லி அவர் தொடர்ந்து பேசினாராம். எதிரே யார் இருந்தாலும் எடுத்த பொருளை விடாத பழக்கம் யூனியனிலிருந்து தேர்வறைக்குப் போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே தசைக்கான பயிற்சி.

ஏணி

21 வயதில் முக்கால் மணி நேரம் அவையைக் கட்டிப்போட்டவர் அன்று திடீரென்று முளைக்கவில்லை. ஈட்டன் பள்ளியில் 1811-ல் தொடங்கப்பட்ட மாணவர் சங்கத்தில் 1825 அக்டோபர் 29 அன்று, 15 வயதில், அவருடைய முதல் பேச்சு. ஏழைகளுக்குக் கல்வி தருவது நன்மையா என்பது தலைப்பு. அந்தச் சங்கத்தில் கடந்த 50 ஆண்டு அரசியலைத் தொடக் கூடாது என்று விதி. மாணவர்கள் அதற்கு வழி கண்டார்கள்: பழைய மன்னர், பழைய கிளர்ச்சி, பழைய சட்டம் என்று தலைப்பு வைத்து, சமகாலத்தையே பேசினார்கள். மறைமுகமாகப் பேசும் கட்டாயம் வரலாற்றை நன்றாகப் படிக்க வைத்தது. கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் ஊட்டியது. கண்ணெதிரே இருக்கும் மசோதாவின் பிரிவுகளை எடுத்துப் பேசாமல், பெரிய வரலாற்று ஒப்புமைகளுக்குத் தாவுவது. 1831-ல் இந்த இரண்டு விளைவுகளும் தெரியும்.

இத்தகைய தடை ஈட்டனில் மட்டும் இல்லை. 1815-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் யூனியனை 1817-ல் துணைவேந்தர் மூடினார். உத்தரவோடு அதிகாரிகள் வந்து நின்றபோது, தலைவர் நாற்காலியில் இருந்த வில்லியம் ஹ்யூவெல் அவர்களை வெளியே காத்திருக்கச் சொன்னார். அவை அந்தச் செய்தியை விவாதிக்கும் என்றார். 1821-ல் மறுபடி திறக்க அனுமதி கிடைத்தபோது, அண்மைக்கால அரசியலைப் பேசக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் 1823-ல் ஒரு விவாத சங்கம் தொடங்கி, 1825-ல் யூனியன் என்ற பெயரில் புதிதாக அமைந்தது. தலைவர், பொருளாளர், செயலாளர், குழு என்று முறையான நிர்வாகம். பதவிகளுக்குப் பருவந்தோறும் தேர்தல். கிளாட்ஸ்டன் 1830 பிப்ரவரியில் முதலில் பேசினார்; அதே ஆண்டிலேயே செயலாளராகவும் தலைவராகவும் இருந்தார். இதற்கிடையில் 1829 அக்டோபரில் தம் பெயரின் முதலெழுத்துகளாலேயே அழைக்கப்பட்ட ஒரு சிறு கட்டுரைக் குழுவை உருவாக்கியிருந்தார். அங்கே ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் அறுத்துப் பார்ப்பார்கள். இந்த இரட்டை ஏற்பாடுதான் அவருடைய பயிற்சியின் உயிர்நாடி என்பது என் கணிப்பு. யூனியனில் கைதட்டல் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. கட்டுரைக் குழுவில் திருத்தம் கிடைக்கும், கைதட்டல் இருக்காது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் வெறும் முழக்கமோ வெறும் கட்டுரையோதான் மிஞ்சியிருக்கும்.

அறையைப் பற்றி நேரில் கண்ட சாட்சி ஒன்று உண்டு. 1829 நவம்பர் 26 அன்று கேம்பிரிட்ஜிலிருந்து ஆர்தர் ஹாலம், மாங்க்டன் மில்ன்ஸ், தாமஸ் சண்டர்லண்ட் மூவரும் வந்து, பைரனைவிட ஷெல்லி பெரிய கவிஞர் என்று யூனியனில் வாதாடினார்கள். பைரனுக்கு 90 வாக்கு, ஷெல்லிக்கு 33. கேம்பிரிட்ஜில் நீளமான, சத்தமும் சலசலப்புமான கூட்டத்துக்குப் பழகிய மில்ன்ஸ், இங்கே நேர்த்தியான சிறு சதுர அறையில் எண்பது தொண்ணூறு இளைஞர்கள் மிடுக்காக உடுத்தி, நாற்காலிகளிலும் கணப்பின் அருகிலும் சாய்ந்திருப்பதைப் பார்த்து வெலவெலத்துப்போனதாக எழுதினார். இதில் பேச்சாளருக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. சிறிய அறையில் குரலை உயர்த்த வேண்டியதில்லை. உயர்த்தினால் கேலிக்கு இடமாகும். கேட்பவர் முகம் ஒவ்வொன்றும் தெரியும். எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால், பேச்சில் சொல்லாமல் விட்டதும் புரியும்.

மே 16, 17

16-ஆம் தேதி நாட்குறிப்பே தயாரிப்பின் பட்டியல். மறைந்த முன்னாள் பிரதமர் ஜார்ஜ் கானிங் லிவர்பூலில் சீர்திருத்தம் பற்றி ஆற்றிய உரைகளைப் படித்தார், பகுதிகளைக் குறித்துக்கொண்டார். குதிரையில் வெளியே போய்வந்தார். விவாதம் தொடங்கி ஒத்திவைக்கப்பட்டது. நாளை தம் முறை; எண்ணங்கள் ஒழுங்காக அமையவில்லை, நாளைக்கும் அமையாது என்று அஞ்சுவதாக எழுதினார். ஒயின், பாட்டு, லிங்கன் பிரபுவோடு தேநீர்.

17-ஆம் தேதி: நெறியியல் படிப்பு, கொஞ்சம் கணிதம். முந்தைய இரவின் புழுக்கத்தால் முற்பகல் முழுதும் களைப்பு. பேச்சுக்குப் பொருள் திரட்டுவது சிரமமில்லை, தேர்ந்தெடுப்பதுதான் சிரமம் என்று எழுதினார். இந்த ஒரு வரி போதும், அவர் எந்த நிலைக்கு வந்துவிட்டார் என்று காட்ட. புதிதாகப் பேசுகிறவர் சொல்ல எதுவுமில்லையே என்று தவிப்பார். பழகியவர் எதை விடுவது என்று தவிப்பார். நிமிடத்துக்கு 110 சொல் என்று நிதானமாக ஆங்கிலத்தில் பேசினாலும் 45 நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சொற்கள். அவ்வளவையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டுமானால், மையக் கருத்து ஒன்றைத் தவிர மற்றவற்றை வெட்டத் துணிவு வேண்டும்.

பேச்சு வரிசையும் கவனிக்கத்தக்கது. முதலில் லிங்கன் பிரபு, அடுத்து ஜேம்ஸ் மில்ன்ஸ் கேஸ்கல், உடனே கிளாட்ஸ்டன். கேஸ்கல் ஈட்டனிலிருந்தே நண்பர். லிங்கனோடு முந்தைய இரவுதான் தேநீர் அருந்தியிருந்தார். நண்பர்கள் இருவர் பேசி முடித்த இடத்தில் எழுவதில் சாதகமும் ஆபத்தும் சமம். அவை சூடேறியிருக்கும். ஆனால் முன்னவர்கள் சொன்னதையே சொன்னால் அவை சலித்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்த்தது அவருடைய வாசகம்.

விவாதத்துக்கு வந்தது அமைச்சரவை மீதான கண்டனத் தீர்மானம். அதன் மேல் கிளாட்ஸ்டன் ஒரு கூடுதல் வாசகத்தைக் கொண்டுவந்தார். அமைச்சரவை அறிவின்றி ஒரு நடவடிக்கையை அறிமுகம் செய்து, மிகவும் நேர்மையற்ற முறையில் அதை முன்தள்ளியிருக்கிறது. அது நம் ஆட்சி முறையை மாற்றுவதோடு நில்லாமல், இறுதியில் சமூக ஒழுங்கின் அடித்தளத்தையே உடைத்துவிடும். நாகரிக உலகெங்கும் இதே திட்டத்தோடு அலைபவர்களுக்கும் கைகொடுக்கும் என்பது சாரம்.

கட்டுமானத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு அடைகள்: ஒன்று அமைச்சர்களின் அறிவைத் தாக்குகிறது, மற்றது நடத்தையை. பிறகு மூன்று படி: ஆட்சி முறை, சமூகத்தின் அடித்தளம், உலகம் முழுதும். ஒவ்வொரு படியிலும் ஆபத்து பெரிதாகிறது, ஆதாரம் சிறிதாகிறது. முதல் படியை மறுக்க யாராலும் முடியாது. ஆட்சி முறையை மாற்றத்தான் மசோதாவே வந்தது. அந்த ஒப்புதலைப் பிடித்துக்கொண்டு கேட்பவர் இரண்டாவது, மூன்றாவது படிகளையும் ஏறிவிடுகிறார். 10 பவுண்டு வீடு பற்றி ஒரு சொல் இல்லை. எந்தத் தொகுதி நீங்குகிறது, யாருக்கு இடம் கிடைக்கிறது, எத்தனை பேர் புதிதாக வாக்களிப்பார்கள், ஒன்றும் இல்லை. மறுத்துப் பேச எழுகிறவருக்குப் பிடித்து இழுக்க நுனியே கிடைக்காது.

கூடுதல் வாசகம் என்ற கருவியின் பயனும் இதில் அடங்கும். வெறுமனே ஆதரித்துப் பேசினால் பேச்சு காற்றோடு போகும். வாசகத்தைத் தாமே எழுதிக் கொடுத்தால், வாக்கெடுப்பு அந்தச் சொற்களின் மேல் நடக்கும். எதிர்த்தரப்பும் அந்தச் சொற்களுக்கே பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டில் நிற்பதும் அதுவே. அவை நடைமுறையை உள்ளிருந்து கற்ற முன்னாள் செயலாளருக்கு இது தெரியாமல் இருக்குமா?

பேச்சு முடிந்ததும் அமளி. விவாதம் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. அவர் வேர்ட்ஸ்வொர்த் என்ற நண்பரின் அறைக்குப் போய்த் தேநீர் குடித்தார். இவர் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான சார்லஸ். ஆகவே 94-க்கு 38 என்ற முடிவை அன்றைய உணர்ச்சி வேகத்தின் கணக்காகக் கொள்ளக் கூடாது. ஒத்திவைப்பைத் தாண்டியும் பேச்சு தாக்குப்பிடித்தது. அவர் உட்கார்ந்தபோது தங்கள் வாழ்வில் ஒரு புதுக் காலம் பிறந்ததாக உணர்ந்தோம் என்று, அங்கிருந்த ஃபிரான்சிஸ் டாய்ல் பின்னாளில் எழுதினார்.

பேச்சு கொண்டுபோன இடம்

கேட்டவர்களில் லிங்கன் பிரபு நியூகாசில் டியூக்கின் மூத்த மகன். நியூவார்க் தொகுதியில் அந்த டியூக்கின் சொல்தான் செல்லும். 1829-ல் தம் வேட்பாளருக்கு எதிராக வாக்களித்த குடித்தனக்காரர்களை வெளியேற்றியவர்; என் சொத்தை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமையில்லையா என்று கேட்டவர். சீர்திருத்தக்காரர்கள் சுட்டிக்காட்டிய தீமைக்கு இவரே உதாரணம். 1831 அக்டோபரில் மேலவை மசோதாவை 199-க்கு 158 என்று நிராகரித்தபோது, கொதித்தெழுந்த கூட்டம் அவருடைய நாட்டிங்காம் கோட்டையைக் கொளுத்தியது.

மகன் சொல்ல, தந்தை இணங்க, 1832 கோடையில் இத்தாலியில் பயணம் செய்துகொண்டிருந்த கிளாட்ஸ்டனுக்கு மிலானில் கடிதம் கிடைத்தது: நியூவார்க்கில் நிற்கிறீர்களா? அதற்குள் மசோதா ஜூன் 7 அன்று சட்டமாகிவிட்டிருந்தது. எந்தச் சட்டம் சமூகத்தை உடைக்கும் என்று பேசினாரோ, அந்தச் சட்டத்தின்படி நடந்த முதல் தேர்தலில் டிசம்பரில் அவர் 887 வாக்குகளோடு முதலிடம் பெற்றார். சமூகம் உடையவில்லை.

இங்கே இன்னொரு விவாதத்தையும் வைத்துப் பார்ப்பது அவசியம். சீர்திருத்த விவாதம் முடிந்த சில வாரங்களிலேயே, 1831 ஜூனில், யூனியன் அடிமை முறையை எடுத்தது. உடனடி விடுதலைக்குப் பதிலாக, கிறிஸ்தவக் கல்வியோடு படிப்படியாக விடுதலை என்ற திருத்தத்தைக் கிளாட்ஸ்டன் கொண்டுவந்தார். மறுபடியும் திருத்தம் என்ற அதே கருவி. அவருடைய தந்தை ஜானுக்குக் கரீபியன் பகுதியில் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் இருந்தன. 1833 ஜூனில் நாடாளுமன்றத்தில் அவர் செய்த முதல் பெரிய பேச்சும் டெமராராவில் (இன்றைய கயானாவின் ஒரு பகுதி) இருந்த தந்தையின் தோட்டத்தைத் தற்காத்ததே. அடிமை முறை ஒழிந்தபின் தந்தைக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் நட்டஈடு கிடைத்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்ததில், 1838-ல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் டெமராராவுக்குக் கப்பலேறினார்கள். யூனியனில் நிதானமான நடுவழி என்று தோன்றிய ஒரு திருத்தத்துக்குப் பின்னால் யாருடைய வருமானம் இருந்தது என்று அந்த அறையில் கேட்க ஆளில்லை.

பிழை எங்கே

முதல் பிழை படிப்பில். கானிங் சீர்திருத்தத்தை எதிர்த்தவர். லிவர்பூலில் ஜான் கிளாட்ஸ்டன் அவருடைய முக்கிய ஆதரவாளர். வீட்டில் கேட்டு வளர்ந்த குரலையே விவாதத்துக்கு முந்தைய நாளும் படித்துக் குறிப்பெடுத்தார். பொருள் ஏராளமாகக் கிடைத்ததற்குக் காரணம் அதுதான். ஒரே கிணற்றில் இறைத்த தண்ணீர்.

இரண்டாவது, அறை. ஆக்ஸ்ஃபோர்டில் சேரும்போதே ஆங்கிலிகன் திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்குக் கையெழுத்திட வேண்டும். மான்செஸ்டரிலும் பர்மிங்காமிலும் சீர்திருத்தம் கேட்டவர்களில் பலர் அந்தத் திருச்சபைக்கு வெளியே இருந்த புராட்டஸ்டண்டுகள். அவர்கள் பிள்ளைகள் உள்ளேயே வர முடியாது. சேர்க்கைக்கான கையெழுத்து 1854-லும், ஏனைய சமயத் தடைகள் பெரும்பாலும் 1871-லும் நீங்கின. பெண்கள் யூனியனில் முழு உறுப்பினரானது 1963-ல். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவரான லக்ஷ்மன் கதிர்காமர் 1959-ல் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். மறுபுறம் அன்று உள்ளே இருந்த தலைமுறையைப் பாருங்கள். டல்ஹவுசி, அந்தக் கானிங்கின் மகன் சார்லஸ் கானிங், எல்ஜின் என்று இந்தியாவை அடுத்தடுத்து ஆண்ட மூவரும் ஏறத்தாழ அதே காலத்தில் கிரைஸ்ட் சர்ச்சில் படித்தவர்கள். இயல்பான பேச்சு வன்மையில் தமக்குத் தெரிந்த மாணவர்களுள் முதலிடம் எல்ஜினுக்கே என்று கிளாட்ஸ்டன் பின்னாளில் சொன்னார். ஒரே வகை ஆட்கள் ஒருவரை ஒருவர் இணங்கவைத்துப் பழகிய அறை அது.

வெளியே அதே வாதம் என்ன ஆயிற்று என்பதற்கும் சான்று இருக்கிறது. தேர்தல் நேரத்தில் ஒரு தொழிலாளியிடம், இந்த மசோதா வந்தால் வெளிநாடுகளில் நடந்ததுபோல் ஆகிவிடும் என்று கிளாட்ஸ்டன் எடுத்துச் சொன்னார். வெளிநாடு நாசமாய்ப் போகட்டும், இங்கிலாந்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அந்த ஆள் திருப்பிக் கேட்டார். மூன்றாவது படி ஒரே கேள்வியில் சரிந்தது. எளிய மனிதர் ஒருவரிடம் முக்கியமான பாடம் கற்றதாக இதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். 94 பேர் கேட்காத கேள்வி.

மூன்றாவது, அளவிடும் முறை. முடிவில் மட்டும் கை எண்ணினால், அவை ஏற்கெனவே எந்தப் பக்கம் இருந்தது, பேச்சு எத்தனை பேரை நகர்த்தியது என்று பிரிக்க முடியாது. யூனியன் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தது என்றும் சொல்ல முடியாது. 1830 நவம்பரில் அன்றைய பிரதமர் வெலிங்டனின் அமைச்சரவை மீதான நம்பிக்கையின்மை ஒரே வாக்கில்தான் நிறைவேறியது. ஆனால் 1831-ல் கிடைத்த 56 வாக்கு வித்தியாசத்தில் பேச்சின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. இன்று கல்லூரியில் விவாத மன்றம் நடத்துபவர்கள் இதை எளிதாகச் சரிசெய்யலாம். தொடங்கும் முன் பெயரில்லாத துண்டுச் சீட்டில் ஒரு வாக்கு, முடிந்தபின் வேறு நிறச் சீட்டில் இன்னொரு வாக்கு, பரிசு வித்தியாசத்துக்கு. திருத்தங்களை விவாதத்துக்கு முந்தைய நாளே எழுத்தில் வாங்கி இரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாசகம் எழுதியவருக்கே மேல்கை. சட்டம் பற்றிய தலைப்பென்றால், ஒவ்வொரு பேச்சாளரும் குறைந்தது ஒரு பிரிவையாவது வாசித்துக்காட்டிப் பேச வேண்டும் என்று விதி வையுங்கள். படிப்படியாகப் பயமுறுத்தும் பேச்சு அங்கேயே பாதி அடங்கிவிடும். நாலாவதாக ஒன்றும் சொல்வேன்: அந்த முடிவால் பாதிக்கப்படுகிறவர் ஒருவரையாவது அவையில் உட்கார வைத்து, கேள்வி கேட்கும் உரிமை கொடுங்கள்.

35 ஆண்டு கழித்து

1847 முதல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உறுப்பினராகவே நாடாளுமன்றத்தில் இருந்த கிளாட்ஸ்டன், கருத்துகள் மாற மாற அந்தப் பட்டதாரிகளுக்கு அந்நியமானார். 1865-ல் அவர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். உடனே மான்செஸ்டருக்குப் போய், வாய்ப்பூட்டு கழன்ற மனிதனாக வந்திருக்கிறேன் என்று அறிவித்து, தெற்கு லங்காஷயரில் வென்றார். 1866-ல் வாக்குரிமையை மேலும் விரிவாக்கும் மசோதாவைக் கீழவையில் நடத்திச் சென்றவரும் அவரே.

ஏப்ரல் இறுதியில் இரண்டாம் வாசிப்பு விவாதத்தில் எதிர்க்கட்சியின் டிஸ்ரேலி பழைய யூனியன் பேச்சை எடுத்து வீசினார். இத்தகைய தாக்குதலுக்குப் பேச்சாளர்கள் வழக்கமாகத் தவறான பதில்களைச் சொல்வார்கள்: அப்படிச் சொல்லவில்லை என்பார்கள், அல்லது சூழல் வேறு என்பார்கள். கிளாட்ஸ்டன் இரண்டையும் செய்யவில்லை. இளமையில் செய்த பிழை என்று ஒப்புக்கொண்டார். கானிங் என்ற பெரும் பெயரின் நிழலில் வளர்ந்தவன் என்று காரணத்தையும் சொன்னார். 1831 மே 16-ஆம் தேதி நாட்குறிப்பில் இருக்கும் அதே பெயர். ஒப்புக்கொண்ட மறுகணம் தாக்குதலுக்குத் திரும்பி, எதிர்காலத்தை எதிர்த்து உங்களால் போரிட முடியாது, காலம் எங்கள் பக்கம் என்று நள்ளிரவு தாண்டிய பிறகு முடித்தார்.

மசோதா 318-க்கு 313 என்று தப்பியது. ஜூனில் குழு நிலையில் அரசு தோற்று விலகியது. அடுத்த ஆண்டு டிஸ்ரேலியே இன்னும் விரிவான வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார். 1884-ல் கிராமப்புறத் தொழிலாளர்களுக்கும் அதை நீட்டித்தது கிளாட்ஸ்டனின் அரசு.